பாதிக் கணக்கில் தீர்ப்பு வேண்டாம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கிறவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் சண்டை வராமல் கலைவதில்லை. இதுவரை ஆடியவர்களில் யார் பெரிய ஆள், பயிற்சியாளர்களில் யாருக்கு முதலிடம் என்பதுதான் சண்டை. மார்ச் மாதம் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் போட்டி தொடங்கிவிட்டால் அது உச்சத்துக்குப் போகும். பிள்ளைகளோடு சில மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று அந்த நாட்டுக்குப் போகும் என் போன்ற கிழவர்களையும் அது தொற்றிக்கொள்ளும். குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறவனுக்கு வேறென்ன வேலை?

பணிக்காலம் முழுக்கக் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் நான். அதனால் இந்தச் சண்டையைக் கேட்கும்போது ஆட்டத்தைவிடக் கணக்குத்தான் கண்ணில் படுகிறது. ஒருவர் பட்டங்களை எண்ணுகிறார். இன்னொருவர் புள்ளிகளை எண்ணுகிறார். மூன்றாமவர், தான் இளைஞனாக இருந்தபோது பார்த்தவரைத் தவிர வேறு யாரையும் ஏற்க மாட்டேன் என்கிறார். எல்லோர் கையிலும் இருப்பது பாதிக் கணக்கு. முழு ஏட்டையும் பார்க்காமல் முடிவு எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மனிதர்களை எடைபோடும்போது மட்டும் அதை எல்லோரும் காற்றில் விட்டுவிடுகிறோம். பெற்ற பிள்ளைக்கு, கூட வேலை பார்க்கிறவருக்கு, சம்பந்தம் பேச வந்த வீட்டு மாப்பிள்ளைக்கு என்று எல்லோருக்கும் பாதிக் கணக்கிலேயே பாஸோ ஃபெயிலோ போட்டுவிடுகிறோம். இது எவ்வளவு தவறாகப் போகக்கூடும் என்பதற்குக் கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாறு நல்ல சாட்சி.

ஆண்டு முடியும் முன்பே

பயிற்சியாளர் என்றதும் பெரும்பாலோர் வாயில் முதலில் வரும் பெயர் ஜான் வுடன். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை வழிநடத்தியவர். 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள். அவற்றில் 7 தொடர்ச்சியாக வந்தவை. 1971-இல் தொடங்கி 1974 வரை 88 ஆட்டங்களில் தோல்வியே கிடையாது. ஆண்கள் பிரிவில் இந்தச் சாதனைகளை இன்றுவரை யாரும் தொடவில்லை.

இதைச் சொல்கிறவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்வதில்லை. வுடன் யுசிஎல்ஏவுக்கு வந்தது 1948-இல். முதல் தேசியப் பட்டம் அவருடைய 16-ஆவது பருவத்தில்தான் கிடைத்தது. அதுவரை அவருடைய பையன்கள் மல்யுத்தக்காரர்களும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும் பழகும் அதே பழைய கூடத்தில்தான் ஆடிப் பழகினார்கள். பயிற்சிக்கு முன்னால் தரையைத் துடைக்கிற வேலையில் வுடனும் இறங்குவார்.

ஒவ்வொரு பருவத்தின் முதல் பயிற்சியிலும் அவர் கற்றுக்கொடுத்தது காலுறை போடுவதை. நாடே பேசிய பள்ளிக்கூட நட்சத்திரங்கள், ஆறேழு அடி உயரப் பையன்கள், வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காலுறையை இழுத்துவிட்டு, சுண்டுவிரல் பக்கமும் குதிகால் பக்கமும் ஒரு சுருக்கம் இல்லாமல் கையால் நீவிவிட வேண்டும். பிறகு ஷூ நாடாவை ஒவ்வொரு துளையாக இறுக்கிக்கொண்டே வந்து இரட்டை முடிச்சுப் போட வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி போகும், பயிற்சி போனால் ஆட்டம் போகும். முன்பு பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர் அவர். முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டச் சொல்லித்தருவது போலத்தான் இதையும் நடத்தினார். இதைப் பார்த்துப் பையன்கள் மலைத்துப்போவார்களாம். பட்டம் வராத ஆண்டுகளிலும் பட்டம் கொட்டிய ஆண்டுகளிலும் இந்தப் பாடம் மாறவில்லை.

வடக்கு கரோலினாப் பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் கதை இன்னும் கசப்பானது. 1961-இல் பொறுப்பேற்றார். 1965 ஜனவரியில் வெளியூரில் ஒரு தோல்விக்குப் பிறகு அணியின் பேருந்து சேப்பல் ஹில் வளாகத்துக்குத் திரும்பியபோது, உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் அவருடைய உருவப்பொம்மை தூக்கில் தொங்கியது. தொங்கவிட்டவர்கள் அவருடைய சொந்தப் பல்கலைக்கழக மாணவர்கள். அணியின் நட்சத்திரம் பில்லி கன்னிங்ஹாம் பேருந்திலிருந்து இறங்கிப்போய் அதைப் பிய்த்தெறிந்தார். ஸ்மித்துக்கு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 1982-இல். வெற்றிக் கூடையைப் போட்டவர் முதலாண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டான். 1997-இல் ஸ்மித் ஓய்வு பெற்றபோது 879 வெற்றிகள், அன்றைக்கு அதுதான் ஆண்கள் பிரிவின் உச்சம். பொம்மை தொங்கிய அதே வளாகத்தில் அணி இன்று ஆடும் பெரிய அரங்கத்துக்கு அவர் பெயர்தான்.

பக்கத்து ஊரான டர்ஹமில், ட்யூக் பல்கலைக்கழகத்தில் மைக் ஷஷெவ்ஸ்கி. 1980-இல் வந்தார். இரண்டாவது பருவத்தில் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாவதில் 11 வெற்றி, 17 தோல்வி. 1983-இல் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று நொறுங்கினார்கள். அன்றிரவு உணவகத்தில் உடனிருந்த ஒருவர், இந்த இரவை மறந்துவிடுவோம் என்று கோப்பையை உயர்த்தினாராம். ஷஷெவ்ஸ்கி தன் கோப்பையை உயர்த்தி, இதை என்றைக்கும் மறக்கவே கூடாது என்றாராம். பணம் கொடுக்கும் பெரிய மனிதர்கள் அவரைக் கழற்றிவிடச் சொன்னார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் அதற்கு மாறாக ஒப்பந்தத்தை நீட்டித்தார். விளைவு, 2022-இல் ஓய்வு பெறும்போது 5 தேசியப் பட்டங்கள், மொத்தம் 1,202 வெற்றிகள்.

இன்றைய பட்டியல்களில் ஷஷெவ்ஸ்கி பெயர் இருக்கிறது. பட்டர்ஸ் பெயர் எதிலும் இல்லை. பொறுத்திருந்தவருக்குப் பட்டம் கொடுக்கும் வழக்கம் எங்கேயும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பெரிய மனிதருக்குப் பின்னாலும் மூன்றாம் ஆண்டில் கணக்கை மூட மறுத்த ஒருவர் இருப்பார். அப்பாவாகவோ மேலதிகாரியாகவோ தலைமையாசிரியராகவோ இருக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பையன் பிளஸ் டூவில் வாங்கிய மதிப்பெண் அவனுடைய மூன்றாம் ஆண்டுக் கணக்குத்தான்.

பத்தி போடாத ஏடு

ஆண்டுகள் முழுதாக இருந்தாலும் ஏட்டில் எல்லாம் பதிவாகியிருக்கும் என்று நம்ப முடியாது. எதை எழுதுவது என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே பத்தி பிரித்து வைத்திருக்கிறார். அதில் இல்லாதது நடக்காதது போலவே ஆகிவிடுகிறது.

பில் ரசல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வாங்கித் தந்தவர். அவருக்கு உதவித்தொகை தர முன்வந்த ஒரே கல்லூரி அது. எதிரி எறிகிற பந்தைக் கூடைக்குப் போகும் வழியிலேயே தட்டிவிடுவது அவருடைய கலை. வெறுமனே வெளியே அடித்துவிடாமல், தன் அணி ஆளின் கைக்குப் போகும்படி தட்டுவார். எத்தனை பந்துகளைத் தடுத்தார்? கணக்கு கிடையாது. அந்தக் காலத்தில் தடுப்பை யாரும் எண்ணவில்லை. கல்லூரி ஆட்டத்தில் அதற்கு அதிகாரபூர்வமான பத்தி வந்தது 1980-களில்தான். ஆனால் அவர் ஆடியதற்குத் தடயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கூடைக்கு முன்னால் 6 அடி அகலத்தில் இருந்த கட்டத்தை 12 அடியாக்கினார்கள், நெடியவர்கள் கூடையடியிலேயே நின்றுவிடக் கூடாது என்று. ஆடுகளத்தின் கோட்டையே அழித்துப் போடவைத்தவரைப் புள்ளிப் பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

பீட் மராவிச்சுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் 1970 வரை அவர் எடுத்தது 3,667 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 44.2. அப்போது முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆட முடியாது. ஆகவே மூன்றே பருவம், 83 ஆட்டம். மூன்று புள்ளிக் கோடும் அப்போது கிடையாது, எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். 2023-இல் அன்டோயின் டேவிஸ் என்பவர் ஐந்து பருவம், 144 ஆட்டம் ஆடி 3,664 வரை வந்து மூன்று புள்ளி குறைவில் நின்றார். இதைக் கேட்டால் மராவிச்தான் முதல் ஆள் என்று தோன்றும். அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். அவர் ஆடிய மூன்று ஆண்டில் அவருடைய அணி ஒருமுறைகூட என்சிஏஏ போட்டிக்குத் தேறவில்லை. பயிற்சியாளர் அவருடைய அப்பாவே. பந்தை மகன் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்த அணி என்று குறை சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அப்படியானால் பட்டத்தை மட்டும் எண்ணலாமா? ஆஸ்கர் ராபர்ட்சனைப் பாருங்கள். சின்சினாட்டியில் மூன்று ஆண்டும் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். 1959, 1960 இரண்டிலும் அணியை அரையிறுதி வரை கொண்டுபோனார், பட்டம் கிடைக்கவில்லை. அவர் படிப்பை முடித்துப் போன பிறகு, 1961-இலும் 1962-இலும் அதே சின்சினாட்டி பட்டம் வென்றது. வெறும் ஏட்டைப் பார்க்கிறவன், ராபர்ட்சன் போனதால்தான் அணி உருப்பட்டது என்று எழுதிவிடுவான். அவர் கறுப்பினத்தவர் என்பதற்காக ஹூஸ்டனில் அணியோடு ஒரே விடுதியில் தங்க இடம் மறுத்தார்கள் என்பதும் அவர் அப்படியும் ஆடினார் என்பதும் அவன் கண்ணில் படாது.

ஏட்டிலேயே ஏறாதவர்கள்

இதைவிட மோசமான பாதிக் கணக்கு ஒன்று உண்டு. சிலரை ஏட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

ஜான் மெக்லெண்டன் 1930-களில் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அங்கே பேராசிரியர். நேரே அவரிடமே பாடம் கேட்டவர் மெக்லெண்டன். ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் பல்கலைக்கழக அணியில் ஆட அனுமதி இல்லை. பயிற்சியாளராகி, டர்ஹமில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிக்குப் போனார். ஓடி ஓடி எதிராளியை மூச்சுமுட்டவைக்கும் வேக ஆட்டத்தை அங்கே வளர்த்தார்.

அதே ஊரில் ட்யூக்கின் மருத்துவ மாணவர்கள் அணி ஒன்று நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் எதிரெதிரே ஆடுவது அந்த மாநிலத்தில் அன்று நினைத்தும் பார்க்க முடியாதது. 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் முழுக்கத் தேவாலயத்தில் இருந்த நேரத்தில் ட்யூக் பையன்கள் கார்களில் வந்து மெக்லெண்டனின் கூடத்துக்குள் நுழைந்தார்கள். கதவைப் பூட்டினார்கள். பார்வையாளர் அனுமதி இல்லை. மெக்லெண்டன் அணி 88-44 என்று வென்றது. அதோடு கலையவில்லை. இரு அணிகளையும் கலந்து பிரித்துக்கொண்டு இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். அரை நூற்றாண்டுக் காலம் இது வெளியே தெரியாது.

பிறகு மெக்லெண்டன் டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்கு 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள் வென்று தந்தார். தொடர்ச்சியாக மூன்று தேசியப் பட்டங்களை வாங்கித் தந்த முதல் பயிற்சியாளர் அவர்தான். ஆனால் அது என்ஏஐஏ என்ற வேறு சங்கத்தின் போட்டி. ‘எல்லாக் காலத்திலும் சிறந்தவர்’ என்று என்சிஏஏ ஏட்டை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் அவர் அதில் இருக்க மாட்டார். கூடைப்பந்துப் புகழ்மண்டபம் 1979-இல் அவரைச் சேர்த்தது, விளையாட்டுக்குப் பங்களித்தவர் என்ற பிரிவில். பயிற்சியாளர் என்று சேர்த்தது 2016-இல். அவர் இறந்து 17 ஆண்டு ஆகியிருந்தது.

பெண்கள் கதையும் இதுதான். என்சிஏஏ பெண்களுக்குப் போட்டி நடத்தத் தொடங்கியது 1982-இல். அதற்கு முன் ஆடியவர்கள் ஏஐஏடபிள்யூ என்ற தனிச் சங்கத்தின் கீழ் ஆடினார்கள். மிசிசிப்பியின் லூசியா ஹாரிஸ் டெல்டா ஸ்டேட் கல்லூரிக்கு 1975 முதல் 1977 வரை மூன்று பட்டங்கள் வாங்கித் தந்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தின் முதல் கூடையைப் போட்டவரும் அவரே. கான்சஸின் லினெட் உட்டர்ட் 1981 வரை எடுத்த 3,649 புள்ளிகளும் அந்தப் பழைய சங்கத்தின் ஏட்டில் இருப்பவை. 2024-இல் கெய்ட்லின் கிளார்க் மராவிச்சையும் தாண்டி 3,951-இல் முடித்தபோது உலகமே கைதட்டியது, தட்ட வேண்டியதுதான். ஆனால் உட்டர்டுக்கு மூன்று புள்ளிக் கோடு இல்லை, அவர் ஆடியது ஆண்கள் ஆடும் பெரிய பந்தில். இதைச் சொன்னால் கிளார்க்கின் பெருமை குறையாது. உட்டர்டின் கணக்கு முழுமையாகும்.

வரவும் செலவும்

ஏட்டின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது நல்லவர்களும் செய்கிற தவறு. இந்தியானாவின் பாப் நைட்டுக்கு மூன்று தேசியப் பட்டங்கள், 902 வெற்றிகள். 1976-இல் அவருடைய அணி 32 ஆட்டம் ஆடி 32-இலும் வென்றது. அதற்குப் பிறகு ஆண்கள் பிரிவில் தோல்வியே இல்லாமல் யாரும் பட்டம் வாங்கவில்லை. அதே நைட்தான் 1985-இல் நடுவர் மேல் வந்த கோபத்தில் நாற்காலியைத் தூக்கி ஆடுகளத்தில் வீசினார். பயிற்சியின்போது ஓர் ஆட்டக்காரரின் கழுத்தில் அவர் கைவைத்த காணொளி பின்னாளில் வெளியானது. 2000-இல் பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. வெற்றியைச் சொல்லிக் கையை மன்னிப்பதும், கையைச் சொல்லி வெற்றியை அழிப்பதும் இரண்டுமே கணக்காகாது. இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

வுடன் விஷயத்திலும் அப்படித்தான். அவருடைய காலத்தில் ஒரு பணக்கார ஆதரவாளர் ஆட்டக்காரர்களுக்கு விதிகளை மீறி உதவிகள் செய்துவந்தார் என்ற பேச்சு உண்டு. வுடன் ஓய்வுபெற்ற பிறகு, 1981-இல், அந்த ஆதரவாளரோடு தொடர்பை அறுக்கச் சொல்லி யுசிஎல்ஏவை என்சிஏஏ தண்டித்தது. காலுறையின் சுருக்கம்வரை பார்த்த மனிதருக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று கேட்கிறவர்களைத் தடுக்க முடியாது.

சில கணக்குகளோ ஆள் போன பிறகுதான் முடிகின்றன. டீன் ஸ்மித் 2015-இல் இறந்தார். சில வாரங்கள் கழித்து, அவரிடம் ஆடியவர்கள் ஏறக்குறைய 180 பேருக்கும் ஆளுக்கொரு கடிதமும் 200 டாலர் காசோலையும் போய்ச் சேர்ந்தன. என் செலவில் வெளியே போய் ஒருவேளை நன்றாகச் சாப்பிடுங்கள் என்பது அவருடைய உயில். கோடிகள் புரளும் நட்சத்திரத்துக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த பையனுக்கும் அதே 200 டாலர்.

நெய்ஸ்மித்தையும் பாருங்கள். 1891-இல் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர். கான்சஸில் பயிற்சியாளராக 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழக ஆண்கள் அணியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த பயிற்சியாளர் அவர் ஒருவர்தான். ஆனால் அவருடைய மாணவர் ஃபாக் ஆலன். ஆலனிடம் ஆடியவர்கள், கென்டக்கிக்கு நான்கு பட்டங்கள் வாங்கித் தந்த அடால்ஃப் ரப்பும் டீன் ஸ்மித்தும். மெக்லெண்டனோ நேரடிச் சீடர். குருவின் வெற்றி தோல்வியை மட்டும் எண்ணியவனுக்கு இந்தப் பரம்பரை தெரியாது.

என் பட்டியல்

இவ்வளவு சொல்லிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் நழுவினால் அது கோழைத்தனம். முழுக் கணக்கையும் பார்த்த பிறகு முடிவு எழுதியாக வேண்டும். எதை எண்ணினேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆட்டக்காரர்களில் எனக்கு முதல் ஆள் லூ ஆல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆனவர். யுசிஎல்ஏவில் மூன்று பருவம், மூன்று பட்டம், 88 வெற்றிக்கு 2 தோல்வி. இந்த எண்களுக்காக மட்டும் அவரைச் சொல்லவில்லை. அவருடைய முதல் பருவம் முடிந்ததும், பந்தைக் கூடைக்குள் மேலிருந்து திணிக்கும் டங்க்கையே கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தார்கள். இந்தத் தடை ஏறக்குறைய பத்தாண்டு நீடித்தது. அவர் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒற்றைக் கையை உச்சிக்கு நீட்டி, வளைவாகப் பந்தை அனுப்பும் ஹூக் ஷாட்டைத் தீட்டினார். பிறகு இருபது ஆண்டுக் காலம் அதை யாராலும் எளிதில் தடுக்க முடியவில்லை. கையிலிருந்ததைப் பிடுங்கியபோது என்ன செய்தார் என்பது நான் எண்ணுகிற கணக்கு. அவருக்கு அடுத்து ரசல், ராபர்ட்சன். பெண்களில் லூசியா ஹாரிஸ்.

பயிற்சியாளர்களில் முதலிடம் வுடனுக்கு இல்லை. டென்னசிப் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பாட் சம்மிட்டுக்குத் தருகிறேன். 1974-இல் 22 வயதில் பொறுப்பேற்றார், சம்பளம் மாதம் 250 டாலர். அணியின் வேனை ஓட்டுவதும் சீருடை துவைப்பதும் அவர் வேலை. முதல் ஆட்டத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம்தான் பார்த்தது. அதிலும் ஒரு புள்ளியில் தோல்வி. 38 பருவங்களில் 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்த மாணவிகள் அத்தனை பேரும் பட்டப்படிப்பை முடித்தார்கள். 2011-இல், 59 வயதில், மறதி நோய் வந்திருப்பதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகும் ஒரு பருவம் அணியோடு நின்றார். வுடன் ஓர் அணியை எழுப்பினார். சம்மிட் அணியை எழுப்பிக்கொண்டே, பெண்கள் ஆடுவதைப் பார்க்க ஊர் வரும் என்ற நிலைமையையும் எழுப்ப வேண்டியிருந்தது. இரண்டாவது வுடன், மூன்றாவது மெக்லெண்டன். மெக்லெண்டனை இன்னும் மேலே வைக்க வேண்டும் என்று யாராவது வாதாடினால் மல்லுக்கு நிற்க மாட்டேன்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரைப் பற்றி முடிவெழுதப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆண்டுக் கணக்கு கையில் இருக்கிறது? இந்த ஏட்டில் எதற்கெல்லாம் பத்தி இல்லை? இதில் பெயர் ஏறாமலே போனவர் யார்? பதில் கிடைத்த பிறகு தயங்காமல் முடிவெழுதுங்கள். அளவு என்ன என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். நாளை வேறொருவர் சரிபார்க்க வேண்டும் அல்லவா?

சம்மிட்டுக்கு முதலிடம் கொடுத்ததை ஏற்க முடியாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வரும்போது பெயரை மட்டும் கொண்டு வராதீர்கள். எதை எண்ணினீர்கள், எதை எண்ணாமல் விட்டீர்கள் என்ற விவரத்தோடு வாருங்கள்.